வீட்டிலும் இப்படித்தான்

ஆபீஸில் எனக்கு ‘ஒத்தடம்’ என்று பெயர். வீக்கத்துக்கு வெந்நீரில் நனைத்த துணியை வைப்பார்களே, அந்த ஒத்தடம்தான். வாஷிங் மெஷின், தண்ணீர் ஃபில்டர், மிக்ஸி எல்லாம் விற்கிற ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் பதினோரு வருஷமாக ஃபோன் எடுக்கிறேன். வாங்கிய மூன்றாம் நாளே மெஷின் மூச்சை விட்டுவிட்டது என்று யாராவது வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தால், பக்கத்து சீட்டுக்காரன் மைக்கைப் பொத்திக்கொண்டு, “இந்த ஆளை ஒத்தடத்துக்குத் தள்ளுங்கப்பா” என்பான். என்னிடம் வரும். பத்து நிமிஷத்தில் குதித்தவர் தரைக்கு இறங்கி, “உங்க மேல எனக்கு ஒண்ணும் கோபம் இல்ல தம்பி” என்று சொல்லிவிட்டு வைப்பார்.

இதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. வேலையில் சேர்ந்த புதிதில் சொல்லிக்கொடுத்ததுதான். பேசுகிறவரை இடைமறிக்கக் கூடாது. அவர் மூச்சு வாங்குகிற நேரத்தில் ‘சொல்லுங்கம்மா’, ‘சொல்லுங்கய்யா’ என்று ஒரு வார்த்தை போட வேண்டும். அவர் முடித்ததும், அவர் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொல்ல வேண்டும். “அதாவது, மெஷின் தண்ணிய எடுத்துக்குது, ஆனா வெளிய விடமாட்டேங்குது, அப்படித்தானேம்மா?” இதைக் கேட்டதும் பாதிக் கோபம் போய்விடும். மெஷின் சரியாகியிருக்காது, ஆனாலும் போய்விடும். தான் சொன்னது இன்னொரு மனிதர் காதில் விழுந்தது என்று தெரிந்தால் போதும் போலிருக்கிறது. திருப்பிச் சொல்வதில் எங்கள் தளத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு பெருமை எதுவும் என்னிடம் இல்லை.

இனி வீட்டு விஷயத்துக்கு வர வேண்டும். வராமல் தப்பிக்க முடியுமா என்றுதான் இவ்வளவு நேரம் மெஷினைப் பற்றிப் பேசினேன்.

வீட்டில் நான் வள்ளென்று விழுகிறவன். கை நீட்டியதில்லை, குடித்ததில்லை, சம்பளத்தை மறைத்ததில்லை. இந்த மூன்று ‘இல்லை’களை வைத்துக்கொண்டு பதினேழு வருஷம் என்னை நல்ல புருஷன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி ‘ஏங்க’ என்று ஆரம்பித்தால் நான் ‘என்ன’ என்பேன். அது கேள்வியே அல்ல என்பது அவளுக்கும் தெரியும். மகள் பள்ளிக்கூடக் கதை எதையாவது எடுத்தால் “விஷயத்துக்கு வா” என்பேன். பதினைந்து வயதுப் பெண்ணின் கதையில் விஷயம் என்று தனியாக ஒன்று எங்கே இருக்கும்? கதைதான் விஷயம். அவள் பாதியில் நிறுத்திவிட்டுப் போய்விடுவாள். நாள் முழுக்க ஊரார் கோபத்தைக் காதில் வாங்கிக்கொண்டு வருகிறவனுக்கு வீட்டில் கொஞ்சம் நிம்மதி வேண்டாமா என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கிக்கொள்வேன். ஊருக்கு ஒத்தடம், வீட்டுக்குச் சூடு. இரண்டும் ஒரே ஆள்தான் என்பது பதினோரு வருஷம் யாருக்கும் தெரியவில்லை. நடுவில் நாற்பது நிமிஷ பஸ் பயணம் இருந்தது.

அந்த நாற்பது நிமிஷத்தை ஒரு குழாய் உடைந்து கெடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல்மாடித் தண்ணீர்க் குழாய் வெடித்து, எங்கள் தளத்துக் கூரைப் பலகைகள் ஊறிப் பெயர்ந்து மேஜைகள்மேல் விழுந்துவிட்டன. விடுமுறை நாளாக இருந்ததால் எல்லார் தலையும் தப்பியது. சரிசெய்ய நான்கு மாதம் ஆகும், அதுவரை எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று ஆளுக்கொரு லேப்டாப்பும் ஹெட்போனும் கொடுத்து அனுப்பினார்கள். அறுபது பேருக்கும் கொண்டாட்டம். “இனிமே பல்லு விளக்காமலே சம்பாதிக்கலாம்டா” என்று பக்கத்து சீட்டுக்காரன் குதித்தான்.

நான் மட்டும் திருதிருவென்று விழித்தேன். வீட்டில் இடம் இல்லை, சத்தம் வரும், கரண்ட் போகும் என்று மேனேஜரிடம் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினேன். அவர் சிரித்தார். “ஒத்தடம், உனக்காக அந்தக் கூரைய நான் கையால தாங்கிப் பிடிக்கவா?”

எங்களுடையது இரண்டு அறை வீடு. படுக்கையறையில் அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு மேஜையைத் திணித்தோம். நான் நாற்காலியைப் பின்னால் தள்ளினால் அலமாரிக் கதவு திறக்காது. அறைக் கதவோ மழையில் மரம் உப்பிப்போனதிலிருந்து முழுசாக மூடாது. ஒரு சாண் திறந்தே நிற்கும். ஆபத்து அந்த ஒரு சாணில்தான் இருக்கிறது என்று எனக்கு அப்போது புரியவில்லை.

முதல் நாள், முதல் ஃபோன். “வணக்கம், சொல்லுங்கம்மா” என்றேன். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. ஃபோனை முடித்ததும் மகள் கதவிடுக்கில் தலையை நீட்டினாள்.

“அப்பா, இப்ப பேசினது யாரு?”

“ஏன், நான்தான்.”

“இல்லப்பா, அந்தக் குரல். அது யாரோடது?”

“போய்ப் படிக்கிற வேலையப் பாரு” என்றேன். அது என் வீட்டுக் குரல். இரண்டு குரலும் ஒரே நிமிஷத்தில் ஒரே அறையில் கேட்டது அன்றுதான் முதல் தடவை. எனக்கு எங்கோ உறுத்தியது. எங்கே என்று நான் தேடிப் பார்க்கவில்லை.

சில நாளில் என் மனைவி சமையலறை முக்காலியைத் தூக்கி வந்து அறைக்கு வெளியே போட்டுக்கொண்டாள். பீன்ஸ் நறுக்குவது, பூண்டு உரிப்பது, கிழிந்த துணியைத் தைப்பது எல்லாம் அங்கேதான். வெளிச்சத்துக்காக என்று நினைத்தேன். ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது திடீரென்று கேட்டாள்.

“அந்த வாஷிங் மெஷின் அம்மா வீட்டுக்கு ஆள் போனாங்களா?”

“எந்த அம்மா?”

“அதாங்க, கைக்குழந்தை துணி பூராவும் உள்ள மாட்டிக்கிச்சு, கதவு திறக்கலைன்னு அழுதாங்களே.”

ஃபோனில் பேசுகிறவர் குரல் என் காதுக்கு மட்டும்தான் கேட்கும். ஆனால் நான்தான் ஒவ்வொருவர் கதையையும் அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொல்கிறவனாயிற்றே. என் மனைவிக்கு எல்லாரையும் தெரிந்திருந்தது.

“ஒட்டுக் கேக்கறியா?”

“ஒட்டெல்லாம் கேக்கல. கேக்க நல்லா இருந்துச்சு, கேட்டேன்.”

“நான் என்ன அங்க நாடகமா போடறேன், உக்காந்து கேக்க?”

மறுநாள் முக்காலி சமையலறைக்குத் திரும்பிப் போய்விட்டது. எனக்குக் கோபம் வந்ததாகத்தான் அன்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அது வெட்கம். வெட்கப்படத் தெரியாதவனுக்கு எல்லாம் கோபமாகத்தான் வரும். கட்டின புருஷன் யாரோ ஒரு பெண்ணிடம் ‘சொல்லுங்கம்மா’ என்று சொல்வதைக் கேட்க நன்றாக இருக்கிறது என்று ஒருத்தி முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அதற்குமேல் என்னிடம் யாரும் எதையும் விளக்கியிருக்க வேண்டியதில்லை. எனக்குத்தான் உறைக்கவில்லை.

அதற்குப் பிறகு இன்னொரு கேவலமும் செய்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வேலை முடிந்த பிறகும் ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பேன். காதில் ஹெட்போன் இருந்தால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். அறைக்குள் யாராவது வந்தால் உள்ளங்கையை உயர்த்திக் காட்டுவேன். ‘லைன்ல இருக்கேன்’ என்று அர்த்தம். லைனில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டுவேன்.

நான்காவது மாதத்தில் ஒரு வாரம். அந்த வாரத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். நீங்களாவது முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

எங்கள் தெரு முனையில் ஒரு சின்ன மழலையர் பள்ளி இருக்கிறது. அங்கே சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் திடீரென்று நின்றுவிட்டார். பள்ளித் தலைமை அம்மாவுக்கு என் மனைவியைக் கடைகண்ணியில் பார்த்துப் பழக்கம். அவள் கல்யாணத்துக்கு முன்னால் டீச்சர் பயிற்சி முடித்தவள் என்பதும் தெரியும். “ஒண்ணாம் தேதியிலிருந்து வர்றீங்களா?” என்று கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் சரி என்று சொன்னால் இடம் அவளுக்கு. இல்லாவிட்டால் காத்திருக்கும் இன்னொரு பெண்ணுக்கு.

பதினேழு வருஷம் கழித்து ஒருவர் வந்து அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. வாசலிலேயே சரி என்று சொல்லியிருக்கலாம். மகளும் அதைத்தான் சொன்னாளாம். “நீயே சொல்லிடும்மா, இதுல அப்பாவ என்ன கேக்கறது?” அவள் கேட்கவில்லை. “அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லிடறேன்” என்றாளாம். அனுமதி வாங்குவதற்காக அல்ல. சந்தோஷமான சமாச்சாரத்தை முதலில் என்னிடம் சொல்ல வேண்டும் என்று இருந்திருக்கிறாள். இதை எழுதும்போதே எனக்கு உடம்பு கூசுகிறது.

திங்கட்கிழமை காலை டீயோடு வந்தாள். “ஏங்க, ஒரு விஷயம்.” “லாகின் பண்ற நேரத்துலதான் உனக்கு விஷயம் வருமா?” என்றேன். டீயை வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது ஆரம்பித்தாள். நான் ஃபோனைத் தடவிக்கொண்டே ‘உம்’ கொட்டினேன். அவள் “ரெண்டு நிமிஷம் என்னைப் பாருங்களேன்” என்றாள். “பாத்தா மட்டும் சீக்கிரம் முடிச்சிடுவியா?” என்று கேட்டேன். அதைச் சொல்லும்போது சிரித்தேன் வேறு. புதன்கிழமை ஆறரை மணிக்கு வந்தாள். உள்ளங்கையைக் காட்டினேன். என் காதில் ஹெட்போன் மட்டும்தான் இருந்தது. அடுத்த நாள் அவள் வரவே இல்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

வெள்ளிக்கிழமை நாலேகால் மணிக்கு ஒரு ஃபோன் வந்தது. தண்ணீர் ஃபில்டர் புகார். வயதான அம்மா. ஃபில்டரில் ஆரம்பித்து, ஃபில்டர் வாங்கிக் கொடுத்த மகன், அவன் வேறு ஊர் போனது, கால் வலி, எதிர்வீட்டுக்காரர்கள் குப்பை கொட்டுவது என்று போய்க்கொண்டே இருந்தார். நான் ஒரு இடத்திலும் குறுக்கிடவில்லை. “சொல்லுங்கம்மா” என்றேன். “அதாவது, நீங்க கொட்டாதீங்கன்னு சொன்ன அன்னைக்கே மறுபடி கொட்டினாங்க, அப்படித்தானே?” என்றேன். நாற்பத்திரண்டு நிமிஷம். அந்த மாதத்தின் மிக நீண்ட அழைப்பு அதுதான். மேனேஜர் அதற்காக எனக்குத் தனியாகப் பாராட்டுச் செய்தி அனுப்பினார்.

நாலரை மணிக்குக் கதவு திறந்தது. என் மனைவி நின்றாள். நல்ல சேலை கட்டி, தலை வாரியிருந்தாள். வீட்டுக்குள்ளேயே செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் தலையை ஆட்டியதும் அப்படியே பள்ளிக்குக் கிளம்பிவிடலாம் என்றுதான் அப்படி நின்றிருக்கிறாள். வீட்டுக்குள் செருப்போடு வந்துவிட்டாளே என்று முறைத்தேன். உள்ளங்கையைக் காட்டினேன். இந்த முறை நிஜமாகவே லைனில் ஆள் இருந்தார், அதனால் எனக்கு நியாயமும் இருந்தது. அவள் போகவில்லை. கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள்.

ஃபோனில் அந்த அம்மா பெருமூச்சு விட்டார். “இவ்வளவு பொறுமையா யாரு தம்பி கேக்கறா? உங்க வீட்ல இருக்கறவங்க குடுத்து வெச்சவங்க.”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “அட, அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கில் சனி. “நான் வீட்லயும் இப்படித்தாம்மா” என்றேன்.

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தேன். அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

அவள் முகத்தில் கோபம் இல்லை. அழுகை இல்லை. என்னைப் புதிதாகப் பார்க்கிறவள்போல ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போனாள். அப்போது மணி ஐந்தாகப் பத்து நிமிஷம். நினைத்திருந்தால் ஓடிப்போய்க்கூட அவள் சொல்லியிருக்கலாம். பள்ளி இரண்டு நிமிஷ நடைதான்.

ஃபோன் முடிந்தது. நான் எழுந்து போகவில்லை. ஹெட்போனைக் கழற்றாமல் ஏழு மணிவரை உட்கார்ந்திருந்தேன். என்ன விஷயம் என்று அன்றும் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை. கேட்டால் அந்த வாக்கியத்தைப் பற்றிப் பேச வேண்டிவருமோ என்று பயம். அவளும் சொல்லவில்லை. வீட்டில் எல்லாம் நேரத்துக்கு நடந்தது, டீ வந்தது, சாப்பாடு வந்தது. ‘ஏங்க’ மட்டும் வரவில்லை.

இரண்டு வாரத்தில் ஆபீஸ் தயாராகிவிட்டது. விருப்பம் உள்ளவர்கள் வரலாம், மற்றவர்கள் வீட்டிலேயே தொடரலாம் என்று கடிதம் வந்தது. அறுபது பேரில் ஒன்பது பேர்தான் போனோம். நான் முதல் ஆள். வாட்ச்மேன் பூட்டைத் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றேன்.

எவ்வளவு நிம்மதி! புது பெயிண்ட் வாசனை. தூணை ஒட்டிய என் பழைய இடம். இடது பக்கம் சாய்ந்த நாற்காலி. பட்டனை இரண்டு தடவை அமுக்கினால்தான் ஊற்றும் டீ மெஷின். “ஒத்தடம் வந்தாச்சுடா!” என்று பக்கத்து சீட்டுக்காரன் கத்தினான். அவனுக்கு வீட்டில் இரட்டைப் பிள்ளைகள், காது கிழிகிறது என்று ஓடிவந்துவிட்டான். மேனேஜர் என் தோளில் தட்டினார். “வேலைன்னா ஆபீஸ்தான்னு புரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான்” என்று மற்றவர்களுக்கு என்னைக் காட்டினார். நானும் கூச்சமில்லாமல் ஒரு பிரசங்கம் செய்தேன். வீட்டில் கவனம் சிதறும், நாலு பேரோடு உட்கார்ந்தால்தான் வேலை ஓடும், வீடு வீடாக இருக்கணும், ஆபீஸ் ஆபீஸாக இருக்கணும். கடைசி வாக்கியத்துக்குக் கைதட்டினார்கள்.

உண்மை என்ன? என்னை நல்லவன் என்று நம்புகிற ஒரு இடத்துக்கு நான் தப்பி வந்திருந்தேன். அவ்வளவுதான்.

பத்து நாள் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. பக்கத்து சீட்டுக்காரன் மைக்கைப் பொத்தினான். “ஒத்தடம், ஒரு பொண்ணு. ரொம்ப பொறுமையா கேப்பாராமே ஒருத்தர், அவர்கிட்டதான் பேசுவேன்னு நிக்குது. உனக்குத்தான் ரசிகர் கூட்டமாச்சே, வாங்கிக்கோ.”

வாங்கினேன். “வணக்கம், சொல்லுங்கம்மா.”

“ஒரு கம்ப்ளைன்ட் குடுக்கணும் சார்.”

“தாராளமா குடுக்கலாம்மா. என்ன பொருள்?”

“பொருள் இல்ல சார். ஆளு.”

எங்கள் மெக்கானிக்குகள்மேல் இப்படிச் சில சமயம் புகார் வருவதுண்டு. “வீட்டுக்கு வந்த மெக்கானிக் யாராவது தப்பா பேசிட்டாங்களாம்மா?”

“வந்தவர் இல்ல சார். வீட்லயே இருக்கறவரு.”

அப்போதுதான் குரல் பிடிபட்டது. பெற்ற மகளின் குரலை ஃபோனில் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து வாக்கியம் ஆகியிருக்கிறது. பரீட்சைக்குப் படிக்க லீவு விட்டிருந்தார்கள், வீட்டிலிருந்து பேசுகிறாள். எனக்குச் சுள்ளென்று ஏறியது. குரலைத் தாழ்த்தினேன். “ஏய், என்ன இது? ஆபீஸ் லைன்ல விளையாட்டா? வை ஃபோனை.”

“இடைமறிக்கக் கூடாது சார். இந்த ஃபோன் ரெக்கார்ட் ஆகுதுன்னு ஆரம்பத்துலயே சொன்னாங்க.”

தூணுக்கு அந்தப் பக்கம் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். நான் முதுகை நிமிர்த்தினேன். வேறு வழி தெரியவில்லை. “சொல்லுங்கம்மா” என்றேன்.

அவள் சொன்னாள். ஒப்பிப்பதுபோல, எழுதி வைத்துப் படிப்பதுபோல, வேகமாகச் சொன்னாள். பள்ளிக்கூடம், தலைமை அம்மா, ஒண்ணாம் தேதி, வெள்ளிக்கிழமை ஐந்து மணி. அம்மா திங்களன்று டீ கொண்டுபோனது, செவ்வாயன்று கேட்டது, புதனன்று உள்ளங்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. “அன்னைக்கு அவர் காதுல இருந்த ஹெட்போன்ல லைட்டே எரியல சார். நான் பின்னாடி நின்னு பாத்தேன். அம்மாகிட்ட சொல்லல.” அந்த இடம் இப்போது வேறு ஒரு டீச்சருக்குப் போய்விட்டது என்றாள். நேற்று அம்மா அந்தப் பள்ளிக்கூடம் இருக்கிற பக்கமாகப் போகாமல் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனாள் என்றாள். சொல்லி முடித்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

“இப்ப நீங்க திருப்பிச் சொல்லணும் சார்.”

பதினோரு வருஷத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் செய்த வேலை. “அதாவது…” என்று ஆரம்பித்தேன். “அதாவது, உங்கம்மாவுக்கு ஒரு வேலை வந்துச்சு. வீட்ல ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு சேரலாம்னு இருந்தாங்க. அஞ்சு நாளு அவர் காது குடுக்கல. அந்த வேலை போயிடுச்சு. அப்படித்தானேம்மா?”

“ஒண்ண விட்டுட்டீங்க.”

“என்னம்மா?”

“அவர் ஃபோன்ல யார்கிட்டயோ, நான் வீட்லயும் இப்படித்தான்னு சொன்னாரு. எங்கம்மா அங்கயே நின்னுட்டு இருக்கும்போது.”

அவளும் கேட்டிருக்கிறாள். ஒரு சாண் கதவு. நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். “அவர் ஃபோன்ல… வீட்லயும் இப்படித்தான்னு சொன்னாரு” என்று திருப்பிச் சொன்னேன்.

இந்த இடத்தில் ஒரு தகப்பன் என்ன சொல்ல வேண்டும்? மன்னிச்சுக்கோடா கண்ணு என்று சொல்லலாம். எதுவும் சொல்லாமல் அழுதாலும் போதும். என் வாயிலிருந்து வந்தது இது: “உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.”

சத்தியமாக நான் அதை வேண்டுமென்று சொல்லவில்லை. மன்னிப்பு என்றால் என் நாக்குக்குத் தெரிந்த ஒரே வரி அதுதான். கம்பெனி எழுதிக் கொடுத்தது. சொந்தமாக ஒன்றை நான் செய்துவைத்துக்கொள்ளவே இல்லை.

மகள் கேட்டாள். “வருந்துகிறோம்னா, யார் யாரு சார்?”

அந்த ‘றோம்’ என்ற விகுதிக்குப் பின்னால் பதினோரு வருஷம் சௌகரியமாக ஒளிந்திருந்தேன். அங்கே வேறு யாரும் இல்லை.

“சரி, வெச்சிடறேன்ப்பா” என்றாள். அந்த ‘ப்பா’வில் அவள் குரல் உடைந்தது. லைன் போய்விட்டது.

அழைப்பு முடிந்தால் திரையில் ஒரு கட்டம் வரும். என்ன வகைப் புகார் என்று குறிக்காமல் அடுத்த ஃபோனுக்குப் போக முடியாது. பழுது, பொருள் மாற்றம், பணியாளர் நடத்தை, தவறுதலான அழைப்பு. மேனேஜர் இன்னும் தூணருகில்தான் நின்றார். நான் ‘தவறுதலான அழைப்பு’ என்று குறித்தேன். மகள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்ட பிறகும், என் பெயர் கெடக் கூடாது என்றுதான் என் கை முதலில் போயிருக்கிறது. அன்று செய்ததிலெல்லாம் எனக்கு மிகவும் வெட்கமாக இருப்பது இதற்குத்தான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸிலிருந்து இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி நடந்தேன், சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொள்ள. மகள் அவள் புத்தகங்களோடு சமையலறைக்குப் போய்விட்டாள். என் மனைவி கட்டிலில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“அந்த ஸ்கூல் விஷயத்த ஏன் என்கிட்ட சொல்லல?” ஒத்திகை பார்த்தது இது இல்லை. வாயைத் திறந்தால் பழைய ஆள்தான் முதலில் வருகிறான்.

அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி துணியை மடித்தாள். “அது முடிஞ்சுபோச்சுங்க.”

“இல்ல… சொல்லு” என்றேன். எப்படியாவது சரிசெய்துவிட வேண்டும் என்று குரலைத் தணித்துக்கொண்டேன். முன்னால் சாய்ந்தேன். “சொல்லும்மா. நான் கேக்கறேன்.”

அவள் கை நின்றது. அது அந்த ஃபோன் குரல் என்று எனக்கும் கேட்டது, அவளுக்கும் கேட்டது.

“இத்தனை வருஷமா உங்க மேல எனக்குக் கோபமே வந்ததில்ல, தெரியுமா?” என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், சண்டைக்காரக் குரலே இல்லை. “சில பேருக்குப் பாட வராது, சில பேருக்கு நீச்சல் வராது. அந்த மாதிரி உங்களுக்கு இது வராது போலன்னு நெனச்சேன். எங்க அக்காகூட கேட்டா, எப்படிடி அந்த மனுஷனோட இருக்கேன்னு. அவருக்கு வராது அக்கா, வெச்சுக்கிட்டா வஞ்சனை பண்றாருன்னேன். பாவம்னுதான் இருந்துச்சு எனக்கு.”

மடித்த சட்டையைக் கட்டிலில் வைத்தாள்.

“நீங்க வீட்ல இருந்து வேலை பாத்த நாலு மாசத்துலதான் தெரிஞ்சுது, உங்களுக்கு வரும்னு.”

அடுத்து என் ஆபீஸ் சட்டையை எடுத்து, காலரை நீவிவிட்டு, மடிக்க ஆரம்பித்தாள்.